பிள்ளையைக் கேட்டீர்களா?

2025 ஜூன் 8, ஞாயிறு மாலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

அக்கா, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து எட்டு வருடமாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். மகனுக்கு ஒன்பது வயது. வீட்டுப்பாடம் எதுவும் இல்லை என்று மூன்று நாள் பொய் சொன்னான். வியாழக்கிழமை கோபத்தில் பெல்ட்டை எடுத்துவிட்டேன். இரண்டு அடிதான். காலில் தடம் இருந்ததைப் பார்த்துப் பள்ளியில் என்னைக் கூப்பிட்டார்கள். இது சட்டப்படி குற்றம் என்கிறார்கள். நானும் என் அப்பாவிடம் அடி வாங்கி வளர்ந்தவன்தான், கெட்டா போய்விட்டேன்? பெற்றவனுக்கு உரிமை கிடையாதா? உரிமை உரிமை என்று சொல்லியே பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

தம்பி, நான் வக்கீல் இல்லை. அதே டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோவில் கூடத்தில் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறவள். வகுப்புக்காகக் குழந்தைகள் சட்டத்தை ஓரளவு படிக்க வேண்டி வந்தது, அவ்வளவுதான். பள்ளியில் சொன்னது சரி. வீட்டில் பெற்றோர் அடிப்பதும் குற்றம் என்று 2019இல் சட்டம் போட்டுவிட்டார்கள். பள்ளியில் அடிப்பது 1996லேயே தடை.

ஒரே ஒரு கேள்வி. வீட்டுப்பாடத்தை ஏன் மறைத்தான் என்று அவனிடம் கேட்டீர்களா?

ஜூன் 9, காலை

நேற்று எழுதியதில் ஒரு தவறு. 2019இல் நாடாளுமன்றம் சட்டம் எதுவும் போடவில்லை. அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு பழைய விதிவிலக்கை எடுத்துப் போட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, சொல்கிறேன்.

ஒருவரை அடிப்பது எப்போதுமே குற்றம்தான். பக்கத்து வீட்டுக்காரரை நான் பெல்ட்டால் அடித்தால் போலீஸ் வரும். ஆனால் பெற்ற பிள்ளையை அடித்தவர் கோர்ட்டில் போய், "மிதமாகத்தான் கண்டித்தேன், நியாயமான காரணம் இருந்தது" என்று சொன்னால் தப்பிக்கலாம் என்று பழைய பொதுச் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு அப்பா பதின்மூன்று வயது மகனை அடித்த வழக்கில் அங்குள்ள உயர் நீதிமன்றம் 2017இல் அந்தக் கதவைச் சாத்தியது. மத அமைப்பு ஒன்று மேலே போனது. 2019 செப்டம்பர் 18இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி மொகொயெங் மொகொயெங் ஆழ்ந்த மத நம்பிக்கை உள்ளவர். அதனால் மதத்தை மதிக்காதவர்கள் எழுதிய தீர்ப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆக, தம்பி, உங்களிடமிருந்து உரிமை எதையும் யாரும் பிடுங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு இருக்கும் அதே பாதுகாப்பு உங்கள் மகனுக்கும் கிடைத்திருக்கிறது. ஒன்பது வயதுப் பையனுக்கு அது நாற்பது வயது ஆளைவிடக் குறைவாக இருந்ததுதான் விசித்திரம்.

ஜூன் 9, இரவு

"கெட்டா போய்விட்டேன்?" என்ற வரி பகல் முழுக்க மனதிலேயே நின்றது. நானும் இதே வரியைச் சொன்னவள்.

நான் திருநெல்வேலிக்காரி. மூன்றாம் வகுப்பில் எங்கள் வாத்தியார் மேசை மேல் ஒரு புளிய விளார் எப்போதும் கிடக்கும். என்னைச் சேர்க்கும்போது அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க சார்." பெருமையாகச் சொன்னார். அது அன்பு என்றுதான் நானும் நினைத்தேன். அன்பு இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் வராது. பதினாறு ஏழு என்று யாராவது ஆரம்பித்தால் உள்ளங்கை தானாக மூடிக்கொள்கிறது. ஐம்பத்திரண்டு வயதாகிறது எனக்கு. கெட்டுப் போகவில்லைதான், கை மட்டும் மூடிக்கொள்கிறது.

உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இன்னொருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார்: "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" அந்த அடி இறைவனின் திருவடி என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. என் மாமியாரும் அப்படித்தான் சொல்வார். அப்படியே இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டாலும் பழமொழியில் இருக்கிறது என்பதற்காக ஒரு குழந்தையின் காலில் தடம் விழ வேண்டியதில்லை.

ஜூன் 12

நான் அடித்ததையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்வது நியாயம் இல்லை.

2009. அப்போது வகுப்பில் பதினொரு பிள்ளைகள், என் மகளும் அதில் ஒருத்தி, எட்டு வயது. ல, ள, ழ எழுதிக் கொண்டிருந்தோம். பின் வரிசையில் ஒரு பையன் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு முறை சொன்னேன், கேட்கவில்லை. மர ஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று வைத்தேன். பள்ளியில்தானே தடை, இது கோவில் வகுப்பு என்று மனதுக்குள் ஒரு சமாதானம். அடுத்த வாரம் அவன் வரவில்லை. வயிற்று வலி என்று அவன் ஆயா சொன்னார். (இங்கே பாட்டியை ஆயா என்பார்கள், ஊரிலிருந்து வருகிறவர்கள் குழம்ப வேண்டாம்.) அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

ஒரு பிள்ளை தமிழை விட்டுப் போனது என் ஸ்கேலால். ஐந்தாவது தலைமுறைக் குடும்பம் அது. ஆயாவோடு அந்த வீட்டில் தமிழ் முடிந்துவிடும். அவன் வந்து கொண்டிருந்தால் கொஞ்சமாவது நின்றிருக்கும்.

ஜூன் 14, சனிக்கிழமை, வகுப்பு முடிந்து

தம்பி எழுதியிருக்கிறார்: "கேட்டால் மட்டும் உண்மையையா சொல்லப் போகிறான்? பிள்ளையைக் கேட்டு முடிவு எடுக்க முடியுமா?" கேட்டு, அவன் சொன்னபடியே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்கிறேன்.

நம் டர்பனிலேயே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2004. ஒரு தமிழ்ப் பெண் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். செப்டம்பர் விடுமுறையில் மூக்குக் குத்திச் சின்னத் தங்க மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்தாள். நகை கூடாது என்பது பள்ளி விதி, காதில் சின்னத் தோடு மட்டும் போடலாம். கழற்றச் சொன்னார்கள். பெண் வயதுக்கு வந்தால் மூக்குக் குத்துவது எங்கள் தென்னிந்தியக் குடும்ப வழக்கம் என்று அவள் அம்மா எழுதிக் கொடுத்தார். பதினாறு வயதில் அந்தத் தங்கத்தை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவது பாட்டியின் பொறுப்பாம். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டிலும் பாட்டிதான் போட்டுவிட்டாள், வைரம் இல்லை, வெள்ளைக்கல்.

பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை, இது பாகுபாடு என்று அம்மா வழக்குப் போட்டார். அப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றத்தில் பள்ளி ஜெயித்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் அம்மா ஜெயித்தார். 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அந்தப் பெண் படிப்பையே முடித்துப் போயிருந்தாள். ஆனாலும் சொன்னார்கள்: விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நின்றுவிடாமல் பள்ளி அவளுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். இங்கே எல்லாப் பள்ளி விதிகளையும் அந்தத் தீர்ப்பு தொட்டது. சட்டப் புத்தகங்களில் அதற்குப் பெயர் பிள்ளை வழக்கு, குடும்பப் பெயர் பிள்ளை என்பதால். தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறு மாதிரியும் கேட்கும்.

நான் சொல்ல வந்தது வேறொன்று. இந்த வழக்கில் அம்மா பேசினார், பள்ளி பேசியது, வழக்கம் தெரிந்த நிபுணர் பேசினார். மூக்குத்தி போட்டிருந்த பெண் சாட்சி சொல்லவே இல்லை. தலைமை நீதிபதி பியஸ் லாங்கா தீர்ப்பில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். குழந்தைகளைப் பற்றிய வழக்குகளில் குழந்தைகளை வெளியே நிறுத்திவிட்டுப் பெரியவர்களே வாதாடி முடித்துக்கொள்கிறோம், யாருடைய நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறோமோ அவரையே கேட்பது நல்லது, குழந்தையானாலும் அப்படித்தான் என்ற பொருளில்.

அதற்கு முன் 2000த்தில், எங்கள் பள்ளிகளில் மட்டும் பிரம்பு வேண்டும் என்று கிறிஸ்தவப் பள்ளிகள் கேட்டுத் தோற்ற வழக்கிலும் நீதிபதி ஆல்பி சாக்ஸ் இதையேதான் சொன்னார். பெற்றோர் பக்கம் வந்தது, அரசாங்கம் வந்தது, அடி வாங்குகிற பிள்ளைகளுக்காகப் பேச யாரும் வரவில்லை என்று. அவர்கள் சொல்வது தீர்ப்பை மாற்றாமலும் போகலாம், ஆனால் கேட்டிருந்தால் வழக்கு இன்னும் தெளிவாகியிருக்கும். நான் சொல்லும் "கேட்பது" இந்த அளவுதான், தம்பி.

ஜூன் 16, திங்கள், விடுமுறை

இன்று இளைஞர் தினம். 1976இல் சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பாடம் வேண்டாம் என்று ஊர்வலம் போனார்கள், போலீஸ் சுட்டது. குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையைத் தென்னாப்பிரிக்கா ஏற்றுக்கொண்டதும் ஒரு ஜூன் 16தான், 1995இல். உடன்படிக்கை 1989இல் வந்தது. அதன் 12ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் பிள்ளை தன் கருத்தைச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது, நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். 1948இல் மனித உரிமைப் பிரகடனத்துக்கு ஐ.நா.வில் வாக்கெடுப்பு நடந்தபோது வாக்களிக்காமல் ஒதுங்கிய எட்டு நாடுகளில் ஒன்று அன்றைய தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு. இங்கே உரிமையைக் கேட்டவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

1860 நவம்பர் 16இல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதிலும் குழந்தைகள் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் பிள்ளைகளும் வேலை செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமல் இங்கேயே இருந்தால் வருடம் மூன்று பவுன் வரி என்று 1895இல் நேட்டால் அரசு போட்டது. சில வருடம் கழித்து அதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்: பையனுக்குப் பதினாறு வயது, பெண்ணுக்குப் பதின்மூன்று. பதின்மூன்று! இப்போது என் வகுப்பில் முன் வரிசையில் இருக்கும் பெண்ணுக்கு அதே வயது.

அந்த வரியை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களில் ஒருத்தி தில்லையாடி வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். தமிழ்நாட்டில் எங்கள் பாடப்புத்தகத்தில் அவளை வீராங்கனை என்று படித்தோம். படத்தில் ஒரு பெரிய பெண்ணாகவே மனதில் பதிந்திருந்தாள். 1914 பிப்ரவரியில் இறந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. இங்கே வந்து அரசியலமைப்பின் 28ஆவது பிரிவைப் படித்தபோதுதான் உறைத்தது, பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் குழந்தை. வள்ளியம்மை குழந்தை. அதே பிரிவு, குழந்தையைச் சிறையில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் மிகக் குறைந்த காலத்துக்கு, பெரியவர்களிடமிருந்து தனியாக, என்று சொல்கிறது. அவளுக்குக் கிடைத்தது மூன்று மாதக் கடுங்காவலும் காய்ச்சலும்.

நோயில் கிடந்தவளைப் பார்க்கப் போன காந்தி, சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று அவளைக் கேட்டார். அவள் இல்லை என்றாள், இன்னொரு முறையும் போவேன் என்றாள். கேட்டார் என்பதற்காகவே அந்த இடம் எனக்குப் பிடிக்கும்.

ஜூன் 17

"உரிமை பற்றியே பேசுகிறீர்கள், கடமை?" என்கிறார் தம்பி. இருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்கென்று 1990இல் ஒரு குழந்தைகள் சாசனம் எழுதின. அதன் 31ஆவது பிரிவு பிள்ளையின் பொறுப்புகளைச் சொல்கிறது: குடும்பம் ஒற்றுமையாக இருக்க உழைக்க வேண்டும், பெற்றோரையும் பெரியவர்களையும் மதிக்க வேண்டும், தேவைப்படும்போது உதவ வேண்டும். நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கிறது.

ஆனால் கடமையைச் செய்தால்தான் உரிமை என்று அதில் எங்கும் இல்லை. வீட்டுப்பாடம் செய்யாத பையனுக்கும் சோறு போடுவீர்கள்தானே? அடி படாமல் இருப்பதும் சோறு மாதிரிதான்.

ஜூன் 17, இரவு, சோறு என்றதும் நினைவு வந்தது

2020 ஊரடங்கில் பள்ளிகளை மூடியதும் பள்ளியில் போடும் சாப்பாடும் நின்றுவிட்டது. ஒரு அமைப்பும் லிம்போபோவில் இரண்டு பள்ளி நிர்வாகக் குழுக்களும் வழக்குப் போட்டன. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் சாப்பாடு தர வேண்டும் என்று அந்த ஜூலையில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கான சாப்பாடு அது. அடிப்படை ஊட்டச்சத்தும் அதே 28ஆவது பிரிவில் இருக்கிறது. அந்த மாதங்களில் எங்கள் கோவிலில் மளிகைப் பை கொடுத்தோம். ஒரு சின்னப் பெண் தினம் வந்து வரிசையில் நிற்பாள். பெரியவர்களுக்கு மட்டும்தான் பை என்று ஒரு விதி போட்டிருந்தோம். அவள் வீட்டில் வரக்கூடிய பெரியவர் யாரும் இல்லை என்று தெரிந்துகொள்ளவே நான்கு நாள் ஆனது. அன்றே விதியை எடுத்துவிட்டோம். அந்த நான்கு நாள் மட்டும் என்னை விடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

12ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். இது பெரிய திருத்தம்.

மகள் கேப் டவுனிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இதை எல்லாம் என் தோள் மேல் சாய்ந்து படித்தாள். ஸ்கேல் கதைக்கு வந்ததும் நிறுத்தினாள். "அம்மா, சத்தம் போட்டது அவன் இல்லை."

யார் என்றேன். அவளும் பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்ணும். ழகரத்தை வாயை விதவிதமாக வைத்துச் சொல்லிச் சிரித்துக் கொண்டிருந்தார்களாம். அந்தப் பையன் திரும்பிப் பார்த்து, பேசாமல் இருங்கள் என்று சொன்ன நேரத்தில் நான் நிமிர்ந்திருக்கிறேன்.

"ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"நீங்க யாரையும் கேக்கலையேம்மா. கையில ஸ்கேல் இருந்துச்சு. எனக்கும் பயம்."

பதினாறு வருடம் அவள் அதை உள்ளே வைத்திருந்திருக்கிறாள். அவன் ஏன் வரவில்லை என்று நான் வீட்டில் வருத்தப்பட்டுப் பேசும்போதெல்லாம் அவள் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதையும் மறைத்திருந்தேன். இரண்டு முறை சொன்னேன், கேட்கவில்லை என்று எழுதினேன். அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. எழுதும்போது தானாக வந்தது. உண்மையில் அன்று கூடத்து வாசலில் புதிதாகச் சேர்க்க வந்த ஒரு பெற்றோர் நின்றிருந்தார்கள். கண்டிப்பான டீச்சர் என்று அவர்கள் நினைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என் அப்பா புளிய விளார் வாத்தியாரைப் பார்த்த பார்வையில் அவர்கள் என்னைப் பார்க்க வேண்டும் என்று.

தம்பி, உங்கள் மகன் பொய் சொன்னதற்கும் ஏதாவது இப்படி ஒன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்தவன் உங்கள் வீட்டிலேயே இருக்கிறான்.

ஜூன் 24

சிலர் சட்டம் கேட்கிறார்கள், சுருக்கமாக. 2005ஆம் வருடக் குழந்தைகள் சட்டம், 110ஆவது பிரிவு: ஒரு பிள்ளைக்குக் காயம் படும்படி கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் ஆசிரியர், டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், மதத் தலைவர் எல்லாரும் தெரிவித்தே ஆக வேண்டும். அதனால் பள்ளியின் மேல் கோபப்படாதீர்கள், அது அவர்கள் கடமை. தெரிவித்தால் உடனே பிள்ளையைப் பிரித்துக் கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படவும் வேண்டாம். குடும்பத்தோடு வளர்வதும் அதே 28ஆவது பிரிவில் பிள்ளைக்கு உள்ள உரிமை. முதலில் ஒரு சமூகப் பணியாளர் வந்து பேசுவார். பிள்ளைகளே பேச வேண்டும் என்றால் சைல்ட்லைன், எண் 116, காசு இல்லை. என் வகுப்புச் சுவரில் அந்த எண்ணைத் தமிழ் எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 28, சனிக்கிழமை

தம்பி எழுதியிருக்கிறார். அனுமதியோடு இங்கே போடுகிறேன்: "கேட்டேன் அக்கா. முதல் நாள் பேசவே இல்லை. இரண்டாவது நாள் கடைக்குக் கூட்டிப் போகும்போது காரில் சொன்னான். ஜூலு பாடம் அவனுக்குப் புரியவில்லையாம், என்னிடம் கேட்டால் எனக்கும் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது என்று காட்ட வேண்டாம் என்று நினைத்தானாம். மீதி நேரம் நான் பேசாமல் வண்டி ஓட்டினேன்."

பக்கத்து வீட்டில் ஜூலு பேசுகிற ஒரு அம்மா இருக்கிறார், அப்பா மகன் இரண்டு பேருமே போய் உட்காரப் போகிறார்களாம். செவ்வாய், வியாழன்.

இன்று வகுப்பில் பிள்ளைகளையே விதி எழுதச் சொன்னேன். பத்து வயதுப் பெண் எழுதியது: "டீச்சர் கோபம் வந்தா வெளிய போய் தண்ணி குடிக்கணும்." இன்னொருவன்: "தமிழ் வரலன்னா சிரிக்கக் கூடாது, பெரியவங்களும்." அந்தப் 'பெரியவங்களும்' எங்கள் எல்லாருக்கும்தான். கோவிலுக்கு வருகிற மாமாக்கள் இந்தப் பிள்ளைகளின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள், செல்லமாகத்தான். பிள்ளைகளுக்கு அது செல்லமாகப் படவில்லை என்று இன்றுதான் தெரிகிறது. தமிழை வளர்க்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 6ஆவது பிரிவில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அதை வளர்க்க வேண்டியவர்கள் தப்பாகச் சொல்லப் பயப்பட்டால் என்ன செய்வது?

ஜூலை 9

அந்தப் பையனின் ஆயா போன வருடம் தவறிவிட்டார் என்று தெரிந்தது. அம்மாவின் எண் கிடைத்தது. பேசினேன். நடந்ததைச் சொன்னேன், சத்தம் போட்டது என் மகள்தான் என்பதையும் சொன்னேன். அவருக்கு ஸ்கேல் விஷயமே தெரியாது. வயிற்று வலி என்றுதான் அவரும் நம்பியிருக்கிறார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், மகனிடம் சொல்கிறேன், அவன் பேச விரும்பினால் கூப்பிடுவான் என்றார்.

ஆறு நாள் ஆகிவிட்டது, அழைப்பு வரவில்லை. மறுபடி நான் கூப்பிடப் போவதில்லை. பேசுவதா வேண்டாமா என்பது அவன் முடிவு. மகள் அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறாள், தமிழில் வேண்டுமா ஆங்கிலத்தில் வேண்டுமா என்று கேட்டாள். அவனுக்கு எது வருமோ அதில் எழுது என்றேன்.